யூஎஸ்பி லேன் அடாப்டர் டிரைவர்ல ஓட்டையாம், திருப்பிக் குடுத்துடவா?

கேள்வி: அண்ணா, போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்ல யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒண்ணு வாங்குனேன், உள்ள ஏஎக்ஸ்88179 சிப், லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ். இதோட டிரைவர்ல (அடாப்டரை லேப்டாப்போட வேலை செய்ய வைக்கற சாஃப்ட்வேர்) அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் மெமரி பக், அதாவது தனக்கு ஒதுக்காத மெமரியைத் தொடற கோளாறு இருக்கு, திருப்பிக் குடுத்துடுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். கடையில எடுத்துப்பாங்களா? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: திருப்பிக் குடுக்க வேணாம் தம்பி. அவர் சொல்றது பொய் இல்ல, ஆனா அது 2022லயே சரி பண்ணின விஷயம், பாதுகாப்பு ஓட்டைகளுக்கு குடுக்கற அடையாள எண் வரிசையில சிவிஇ-2022-2964னு நம்பர் கூட இருக்கு.

என்ன நடந்துச்சுன்னா, இந்த அடாப்டர் பல பேக்கெட்டை (நெட்ல வர்ற டேட்டாத் துண்டு) ஒரே மூட்டையா கட்டி லேப்டாப்புக்கு அனுப்பும், மூட்டையோட கடைசி 4 பைட்ல "உள்ள இத்தனை பேக்கெட் இருக்கு, அதோட விவரப் பட்டியல் இந்த எடத்துல ஆரம்பிக்குது"ன்னு எழுதியிருக்கும். பழைய டிரைவர் அதை அப்படியே நம்பிடுச்சு. அந்த எடம் மூட்டைக்குள்ளதான் இருக்கான்னு பாக்கவே இல்ல, அதனால வேணும்னே தப்பான நம்பர் குடுக்கற ஒரு போலி யூஎஸ்பி சாதனத்தை சொருகினா டிரைவர் வேற யாரோட மெமரியையோ படிக்கும், எழுதவும் எழுதும். இதை சரி பண்ண வந்த பேட்ச்ல (திருத்தத்துல) செஞ்சது, அளவை சரி பாத்துட்டு மேல போறதுதான்.

எனக்கு இதைவிட பயமா இருந்தது 2019ல வந்த ரியல்டெக் வைஃபை டிரைவர் பக்தான். வைஃபை டைரக்ட் (ரவுட்டர் இல்லாம ரெண்டு சாதனம் நேரா பேசற முறை) பேக்கெட்ல வர்ற ஒரு பட்டியலுக்கு டிரைவர் 2 எடம்தான் வெச்சிருந்துச்சு, பக்கத்துல இருக்கறவன் அதுக்கு மேல அனுப்பினாலும் எண்ணிப் பாக்காம வாங்கிப் போட்டுக்கும். எதையும் சொருக வேணாம், வைஃபை எட்டுற தூரத்துல இருந்தா போதும்.

நீங்க பண்ண வேண்டியது உபுண்டு அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்றது. கர்னல் (உபுண்டுவோட உள் மையம், இந்த டிரைவரும் அதோடயே வரும்) நம்பர் பழசா தெரியுதேன்னு பதறாதீங்க, உபுண்டுக்காரங்க அதே நம்பர்லயே பேட்சை சேத்து குடுப்பாங்க.

ஆனா டப்பால வந்த சிடியில இருந்து டிரைவர் போட்டிருந்தீங்கன்னா கதை வேற, கர்னலுக்கு வர்ற பேட்ச் அதுக்கு வராது. டெர்மினல்ல மோட்இன்ஃபோங்கற கட்டளையை டிரைவர் பேரோட குடுத்து பாருங்க, இன்ட்ரீ ஒய்னு ஒரு வரி வந்தா கர்னலோட டிரைவர், வரலைன்னா அதை எடுத்துட்டு கர்னல் டிரைவருக்கே திரும்பிடுங்க. நானே ஒரு தடவை விலை கம்மியா இருக்கேன்னு கடைக்காரர் குடுத்த வைஃபை டாங்கிளை வாங்கி, அதோட டிரைவர் அடுத்த கர்னல் அப்டேட்லயே கம்பைல் ஆகாம ரெண்டு நாள் நெட் இல்லாம உக்காந்தேன். அதுலருந்து பிராண்டை விட்டுட்டு சிப் பேரைத்தான் கேக்கறேன், கர்னல்லயே டிரைவர் இருக்கான்னு போன்லயே தேடிட்டுதான் காசு எடுக்கறது.

பொருள்லயே குறை இருந்தா அது வேற. லிங்க் விட்டு விட்டு போகுது, கொதிக்கற மாதிரி சூடாகுதுன்னா பில்லோட போங்க. பில்லுல திருப்பி எடுத்துக்கற கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள குறையுள்ள பொருளை எடுத்துக்க மாட்டேன்னு சொல்றது 2019 நுகர்வோர் சட்டப்படி தப்பு, பில் தராம இருக்கறதும் தப்புதான். கடைக்காரர் கேக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடுங்க. பில் வாங்கியிருக்கீங்களான்னு எழுதவே இல்லியே, இல்லைன்னா இன்னிக்கே போய் வாங்கிடுங்க.