கேஸ் ஷீட்டைக் கேட்டால் தப்பா? குழந்தை வார்டு கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். வீடு தண்டையார்பேட்டை. கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சை விவரம் எழுதும் தாள்) பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வியாசர்பாடி அம்மா: பையனுக்கு டெங்குன்னு நாலு நாளா அட்மிஷன். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன், சிஸ்டர் வெடுக்குனு வாங்கிட்டாங்க. நான் பார்க்கவே கூடாதாக்கா?

பார்க்கலாம்மா. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமே சொல்லுது: உள்நோயாளியா இருக்கும்போது கேட்டா, முடிஞ்சவரை 24 மணி நேரத்துக்குள்ள காட்டணும், இல்ல காப்பி தரணும். ஆனா நீயா எடுக்காதே, கேளு. அந்த ஷீட்டை வச்சுத்தான் அடுத்த ஊசி போடணும், தேடிக்கிட்டு நின்னா எரிச்சல் வரும். காலை ரவுண்ட்ஸ் நேரத்துலயும் டூட்டி மாறும்போதும் வேணாம். சாயங்காலம் வார்டு அடங்கினதும் கேட்டுப் பாரு, முகமே வேற மாதிரி இருக்கும்.

காசிமேடு அப்பா: காட்டினாங்க, ஒண்ணும் புரியலை. 'ஐ.வி.எஃப்'னு எழுதியிருக்கு. என் புள்ளைக்கு எதுக்குங்க அது?

சிரிச்சுட்டேன் தம்பி, கோச்சுக்காதே. இங்க அது கருத்தரிப்பு சிகிச்சை இல்ல, நரம்புல ஏத்துற டிரிப்ஸ். பி.டி. (BD)ன்னா ரெண்டு வேளை, டி.டி.எஸ்.ன்னா மூணு வேளை, எஸ்.ஓ.எஸ்.ன்னா தேவைப்பட்டா மட்டும். என்.பி.ஓ.ன்னு இருந்தா வாய்வழியா எதுவும் கூடாது. 'பாவம், பசிக்குது'ன்னு பாட்டிங்க ஒளிச்சு ஊட்டின இட்லியால ஆபரேஷன் தள்ளிப்போனதை நானே பார்த்திருக்கேன்.

இதெல்லாம் புரியலைன்னாலும் போகுது. முதல் பக்கத்துல எடையைப் பாரு. குழந்தைக்கு மருந்து, டிரிப்ஸ் எல்லாமே கிலோ கணக்குதான். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல 12 கிலோ குழந்தைக்கு 21னு எழுதிட்டாங்க. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்னா 180 போதும். அந்தக் கணக்குல 315 போயிருக்கும். பக்கத்துல நின்ன அம்மா, "என் பொண்ணு அவ்ளோ கனம் இல்லையே சிஸ்டர்"னா. அப்பதான் முழிச்சுக்கிட்டோம். அன்னைக்கு டூட்டி எனக்குத்தான், இன்னைக்கும் வெட்கமா இருக்கு. எடைக்கு அடுத்து அலர்ஜி. ஏதாவது மருந்து ஒத்துக்காதுன்னா அது எழுதியிருக்கான்னு பாரு.

கொருக்குப்பேட்டை: தனியார் ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் தருவோம்கிறாங்க.

சம்மரிங்கிறது சுருக்கம், முழு ரெக்கார்டு இல்ல. 2002-ம் வருஷ மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதிப்படி, நோயாளியோ அவர் சார்பா பொறுப்பான ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணம் தரணும். வாயால கேட்டா காத்தோட போயிடும். ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) போட்டு லெட்டரா எழுதிக் கொடு, உன் காப்பியில தேதியோட சீல் வாங்கிக்கோ. ஜெராக்ஸ் காசு கேட்டா கொடுத்துடு, அதுக்கு மல்லுக்கட்டாதே. உள்நோயாளி ரெக்கார்டை மூணு வருஷம் வச்சிருக்கணும்னும் அதே விதியில இருக்கு, அதனால தள்ளிப் போடாதே.

பெரம்பூர்: அரசு ஆஸ்பத்திரின்னா?

ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) ஆபீஸ்ல மனு கொடுங்க. அசையலைன்னா 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, மனு போட்டா பதில் தர 30 நாள் கெடு.

திருவொற்றியூர் ஆயா (பேரன் டைப் பண்றான்): எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பேத்தி கூட நான்தான் இருக்கேன்.

படிச்சுக் காட்டச் சொல்லுங்க ஆயா, அதுவும் உங்க உரிமைதான். இன்னொண்ணு. இன்டேக் அவுட்புட் சார்ட்னு ஒண்ணு இருக்கு. எவ்வளவு குடிச்சா, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா, அதுல பாதி சிஸ்டர் உங்ககிட்ட கேட்டுத்தான் எழுதுவாங்க. பேரன்கிட்ட ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி, ஒண்ணுக்குப் போற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்க. ராத்திரி ஆறு மணி நேரமா கோடே விழலைன்னா, விடியட்டும்னு இருக்காம உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க.