ஆய்வு நிதி விதி மாறினால் அரசுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எச்1பி விசாவில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருக்கிறேன். எங்கள் கிராண்ட் (ஆய்வு நிதி) என்ஐஎச், அதாவது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் தருவது. கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதலாகத் தரும் மறைமுகச் செலவு விகிதம் 55%. அதை 15% ஆக்கும் பேச்சு ஓயவில்லை. அரசு வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்டால் நான் எழுதலாமா? எல்லோரும் அனுப்பும் பொதுக் கடிதத்தில் பெயர் போட்டால் போதாதா?

பதில்: தாராளமாக எழுதலாம். கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. பெயர் வெளியாவது சங்கடம் என்றால் கருத்துகளைப் பெறும் அரசின் ரெகுலேஷன்ஸ்.கவ் தளத்தில் பெயரில்லாமல் அனுப்பவும் வழி உண்டு.

பொதுக் கடிதம் போதாது. ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் போனாலும் அதை ஒரே வாதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஆய்வகக் கணக்கோடு வரும் ஒரு பக்கத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. முக்கியமான ஆட்சேபங்களுக்குப் பதில் தராமல் இறுதி விதி போட்டால், வழக்கு வரும்போது அது விதியின் பலவீனமாகிவிடும்.

கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 55% என்றால் கிராண்டில் பாதிக்கு மேல் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்கிறது என்று விஞ்ஞானிகளே சொல்லக் கேட்கிறோம். அது தவறு. ஆண்டுக்கு நேரடிச் செலவு (சம்பளம், கருவி போல அந்த ஆய்வுக்கே ஆகும் செலவு) 2,50,000 டாலர் என்று வையுங்கள். அதில் 30,000 பெரிய கருவிக்கு, 20,000 மாணவர் கல்விக் கட்டணத்துக்கு. இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சும் 2,00,000 மீதுதான் விகிதம் போடுவார்கள். 55% என்றால் 1,10,000. மொத்தம் 3,60,000, அதில் மறைமுகச் செலவின் பங்கு சுமார் 31%. விகிதம் 15% ஆனால் கிடைப்பது 30,000. துண்டு விழுவது ஆண்டுக்கு 80,000 டாலர். உங்கள் கிராண்டின் உண்மையான எண்களை இதே வரிசையில் போடுங்கள். துணை ஒப்பந்தம் (ஆய்வின் ஒரு பகுதியை வேறு நிறுவனத்துக்குத் தருவது) இருந்தால் அதிலும் ஒரு பகுதியைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். வரம்பு எவ்வளவு என்று கிராண்ட் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த 80,000 எதை நிறுத்தும் என்று எழுத வேண்டும். ‘ஆராய்ச்சி பாதிக்கும்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வகையைப் பொறுத்து நாளொன்றுக்கு சுமார் 10 முதல் 20 யூனிட் மின்சாரம் இழுக்கும். அதில் நான்கு கிராண்டுகளின் மாதிரிகள் கலந்து இருக்கும். எந்தப் பெட்டிக்கு எத்தனை யூனிட் என்று பிரித்து நேரடிச் செலவில் எழுத முடியாது. மின்தடை வந்தால் ஓடும் ஜெனரேட்டரும், அபாயக் கழிவை அகற்றுவதும், நோயாளிகள் மீதான ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் இதே கணக்கில்தான் வரும். நிர்வாகச் செலவுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு 1991 முதலே 26% உச்சவரம்பு உண்டு என்பதையும் சேருங்கள். 55 என்பதில் மீதி, குறைந்தது 29, கட்டடம், மின்சாரம், கருவித் தேய்மானம் போன்றவற்றுக்கானது.

‘தனியார் அறக்கட்டளைகள் 10, 15 சதவீதம்தானே தருகின்றன’ என்ற வாதத்துக்கும் பதில் எழுதுங்கள். விகிதத்தை 15% ஆக்குவதாக என்ஐஎச் வெளியிட்ட 2025 பிப்ரவரி 7 அறிவிப்பிலேயே அது இருந்தது. அறக்கட்டளைகள் பலவும் இட வாடகை போன்றவற்றை நேரடிச் செலவாக எழுத விடுகின்றன. இரண்டு விகிதங்களும் ஒரே அடிப்படையில் போடப்பட்டவை அல்ல.

அனுப்பும்போது எந்தப் பிரிவை எதிர்க்கிறீர்கள் என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். மறைமுகச் செலவு என்றால் அது மத்திய விதித் தொகுப்பின் 2 சிஎஃப்ஆர் 200.414. அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்றும் எழுதுங்கள். எதிர்ப்பை மட்டும் எழுதும் கடிதங்கள் குவியும், மாற்று வாசகம் தருபவை குறைவு. தளத்தின் பெட்டியில் 5,000 எழுத்துகள்தான் பிடிக்கும், நீளமானால் பிடிஎஃப் இணையுங்கள். கடைசி நாள் கிழக்கு அமெரிக்க நேரப்படி. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் மூன்று மணி நேரம் கோட்டை விடுவது இங்கேதான். எல்லாம் பொதுவில் வெளியாகும், ஆகவே வெளியிடாத தரவும் நோயாளி விவரமும் வேண்டாம். பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் எழுதாதீர்கள். ‘இது என் சொந்தக் கருத்து’ என்று முதல் வரியிலேயே போடுங்கள்.

ஆனால் அரசு கருத்தே கேட்காமலும் போகலாம். 2025 பிப்ரவரியில் அதுதான் நடந்தது: வெள்ளிக்கிழமை அறிவிப்பு, திங்கட்கிழமை அமல். மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டன, ஏப்ரலில் பாஸ்டன் மத்திய நீதிமன்றம் நிரந்தரத் தடை விதித்தது. பொதுவாக, கிராண்ட் தொடர்பான விதிகளுக்குக் கருத்துக் கேட்க வேண்டும் என்று நிர்வாக நடைமுறைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்போம் என்று சுகாதாரத் துறை 1971 முதல் தானே ஏற்றிருந்த கொள்கையையும் 2025 மார்ச்சில் கைவிட்டது.

அதனால் நாடாளுமன்றப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். என்ஐஎச் தன்னிஷ்டத்துக்கு மறைமுகச் செலவு முறையை மாற்றக் கூடாது என்ற வாசகம் 2018 முதல் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருந்துவருகிறது. தடை பெற்ற வழக்கிலும் அது வலுவான ஆதாரம். அந்த வாசகம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியது. ஒதுக்கீட்டு மசோதா தயாராகும் மாதங்களில் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அதே ஒரு பக்கக் கணக்கை அனுப்புங்கள். அதை மட்டும் வேலை நேரத்துக்கு வெளியே, சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கணினியில் செய்யுங்கள். கிராண்ட் பணத்தில் சம்பளம் பெறும் நேரத்தை இதற்குச் செலவிட மத்திய விதிகளில் இடமில்லை.