டயர் கேள்வி–பதில்: கொஞ்சம் குனிந்து பாருங்கள்

கோவை வாசகர்: போர்ஷே 911 கரேரா எஸ் வைத்திருக்கிறேன். பின் டயர் இரண்டும் 14,000 கி.மீ.யில் முடிந்துவிட்டன. முன் டயர் பாதிகூடத் தேயவில்லை. கடைக்காரர் பழைய ஸ்டாக்கை என் தலையில் கட்டிவிட்டாரா?

கடைக்காரரை விட்டுவிடுங்கள். உங்கள் காரில் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. எடையில் 60 சதவீதம் பின் சக்கரங்கள் மேல். காரைத் தள்ளுகிற வேலையும் அவற்றுக்கே. 305 மி.மீ. அகலம் இருந்துமா என்று கேட்பீர்கள். அகலம் பிடிப்புக்கு, ஆயுளுக்கு அல்ல. சாலையைக் கவ்வுகிற ரப்பர் கரையத்தான் செய்யும். நான் பார்த்தவரை பின்னுக்கு 15,000, முன்னுக்கு 25,000 வந்தாலே நல்ல ஓட்டம். ஸ்டாக்கில் சந்தேகம் இருந்தால் பக்கச் சுவரில் நாலு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

சென்னை, அண்ணா நகர்: என்னுடையதும் கரேரா எஸ்தான். தேய்மானம் சமமாக இருக்க முன்னும் பின்னும் மாற்றிப் போடலாமா?

முன்னால் 245, பின்னால் 305. நீங்களே சொல்லுங்கள்.

மதுரை: டயரில் போட்டிருக்கும் ட்ரெட்வேர் (தேய்மான எண்) 300 என்றால் 30,000 கி.மீ. ஓடும் என்று அர்த்தமா?

இல்லை. 100 என்று வைத்த ஒரு சோதனை டயரோடு ஒப்பிட்டு அமெரிக்க விதிப்படி போடுகிற எண் அது. போடுவது அரசு அல்ல, டயர் கம்பெனியேதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயரில் எது சீக்கிரம் தேயும் என்று பார்க்க உதவும். ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொன்றின் 300-உடன் ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

துபாய்: வெளியில் பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருந்தது. ஓடியது 9,000 கி.மீ.தான். சர்வீஸில் காரைத் தூக்கினால் உள்பக்கம் கம்பி தெரிகிறது! ஸ்டீயரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லையே, பிறகு எப்படி?

வந்துவிட்டதா! மாதம் ஒருவராவது இதை எழுதுகிறீர்கள். நானும் அதே பதிலை எழுதுகிறேன். ஸ்டீயரிங் இழுக்காது சார். இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே அளவு விலகியிருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொண்டு கார் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போகும். டயர் மட்டும் செத்துக்கொண்டிருக்கும்.

வளைவில் பிடிப்பு வேண்டும் என்று ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் தலையைக் கம்பெனியே உள்ளே சாய்த்து அனுப்புகிறது. அதனால் நேர் சாலையில் உள் ஓரம் கூடுதலாகச் சுமக்கிறது. உடனே எல்லாரும் அந்தச் சாய்வை, அதாவது கேம்பரைத் திட்டுகிறார்கள். அது சின்னத் திருடன். பெரிய திருடன் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம். ஒரு சக்கரம் கால் டிகிரி விலகி நின்றால் கிலோமீட்டருக்கு நாலு மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கிற கணக்கு. ஆயிரம் கிலோமீட்டர் போய்வந்தால் நாலு கிலோமீட்டர் டயரைத் தரையில் உரசியிருக்கிறீர்கள்! சக்கரம் சாய்ந்திருப்பதால் அந்த உரசலில் பெரும்பங்கு உள் ஓரத்துக்கு.

என் சொந்தக் காருக்கே நடந்தது. ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரு தாளை நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தால், மெஷினில் ஏற்றியிருந்தது அதே காரின் சாதாரண மாடல் அளவு. என் மாடலுக்கு அந்தப் பச்சையெல்லாம் சிவப்பு. ஆகவே நிறத்தைப் பார்க்கும் முன் தாளில் மாடல் பெயரைப் படியுங்கள். பின் சக்கர அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள்; முன்னால் மட்டும் திருகிவிட்டு முழுக்காசு வாங்குகிறவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, குனிந்து, டார்ச் அடித்து உள் ஓரத்தைப் பாருங்கள். பின் டயருக்குச் செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தால் போதும். விரலை விடாதீர்கள், கம்பி கிழித்துவிடும்.

ஊர் எழுதாதவர்: ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு காற்று வைக்கலாம்?

ஊர் மட்டுமா எழுதவில்லை? கார் பெயர் இல்லை, டயர் அளவும் இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில், அதில் உள்ளபடி வையுங்கள். கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஸ்ரீபெரும்புதூர்: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டினால் எவ்வளவு தேயும்?

ஓட்டுகிற கையைப் பொறுத்தது. மோசமாக ஓட்டினால் சாலையில் ஐயாயிரம் கி.மீ.யில் தேய்வது ஒரே நாளில் போய்விடும். சாதாரண டயர் 8 மி.மீ. பட்டனோடு (தரையில் படுகிற ரப்பர் கட்டைகள்) வந்தால் டிராக் டயர் 5, 6 மி.மீ.யோடுதான் வரும்; தொடக்கமே குறைச்சல். காலையில் 32 வைத்த காற்று நாலைந்து சுற்றில் 40-ஐத் தொடும், அப்போது நடுப்பகுதி மட்டும் தேயும். எனவே சூட்டில் கொஞ்சம் இறக்குங்கள். சாயங்காலம் மறுபடி ஏற்றாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். திரும்பியதும் உள் ஓரம், மறக்காமல்.

திருச்சி: பத்து வருட டயர், ஓடியது 6,000 கி.மீ.தான், பட்டன் முழுசாக இருக்கிறது. மாற்றச் சொல்வது ஏமாற்று வேலைதானே?

மாற்றுங்கள். ஷெட்டில் நின்றாலும் ரப்பர் இறுகும். 2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் பயணித்து இறந்த போர்ஷே கரேரா ஜிடியின் டயர்களுக்கு ஒன்பது வயது. விபத்துக்குக் காரணம் வேகம் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ஆனாலும் டயரின் வயதையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள்.

சேலம்: புகாட்டி வேரானின் டயர் 15 நிமிடம்தான் தாங்குமாமே?

400 கி.மீ. வேகத்தில் விடாமல் ஓட்டினால் என்பதை விட்டுவிட்டீர்கள். கவலை வேண்டாம், 12 நிமிடத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும்.

டொராண்டோ: சம்மர் டயரை டிசம்பர் வரை ஓட்டலாமா?

வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் பலகை மாதிரி ஆகிவிடும். உறைநிலைக்கும் கீழே போனால், அதுவும் டிராக் டயர் என்றால், உருட்டினாலே பட்டன் வெடிப்பு விடலாம். கராஜிலிருந்து வாசல்வரைகூட நகர்த்தாதீர்கள். அக்டோபரிலேயே கழற்றிவிடுங்கள். கழற்றிய கையோடு உள் ஓரத்தையும் பார்த்துவிடலாம், குனிய வேண்டியதில்லை.