தீபாவளிக் காயத்துக்குக் காப்பித்தூள் போடலாமா?

கேள்வி: போன தீபாவளியன்று என் மகள் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைத் தூக்கிப் போட்டாள். அது எட்டு வயது மகனின் புறங்காலில் விழுந்து சுட்டுவிட்டது. மாமியார் உடனே காப்பித்தூளை அப்பினார். புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அந்த இடத்தில் தடித்த தழும்பு, அரிப்பும் இருக்கிறது. அன்றே பக்கத்து வீட்டுப் பையன் வெடியின் மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கொளுத்தியதில் ஒரு சில்லு கண்ணில் அடித்தது. தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி அனுப்பினோம். நாங்கள் செய்தது சரிதானா? இந்த வருடம் எப்படிக் கவனமாக இருப்பது? - ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில், மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். காப்பித்தூள், பேனா மை, பற்பசை, இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு என்று எல்லாவற்றையும் பூசிக்கொண்டு பிள்ளைகள் வருவதை ஒவ்வொரு தீபாவளிக்கும் பார்க்கிறோம். பதறிப் போய் எதையாவது செய்ய வேண்டும் என்று செய்வதுதான். ஆனால் கஷ்டம் பிள்ளைக்கு. புண்ணில் கசியும் நீரில் காப்பித்தூள் ஊறி, காய்ந்து, ஓடு மாதிரி இறுகிவிடும். அதற்கடியில் தோல் சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று தெரியாமல் காயத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது. நர்ஸ் சலைன் விட்டு நனைத்து, துணுக்குத் துணுக்காக எடுக்க வேண்டியிருக்கும். சுட்டபோது அழுததைவிட இதற்கு அதிகமாக அழும் குழந்தைகள் உண்டு. போதாததற்குக் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

தீக்காயத்துக்கு வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம் தண்ணீர். குழாயைத் திறந்து, காயம்பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் சொம்பு சொம்பாக ஊற்றுங்கள், அதுவும் சரிதான். நெருப்பு அணைந்த பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுப்பதற்குத்தான் இந்த 20 நிமிடம். இரண்டு நிமிடம் நனைத்துவிட்டு, 'வலி குறைந்துவிட்டது, போதும்' என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். சின்னக் குழந்தையாக இருந்தால் காயத்தை மட்டும் குளிரவைத்து, மற்ற உடம்பைத் துணியால் போர்த்திவையுங்கள்.

வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், சுற்றிலும் கத்தரித்தால் போதும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பிறகு துவைத்த சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். களிம்பு எதுவும் போட வேண்டாம். எதைப் போடுவது என்பதைக் காயத்தைப் பார்த்த பிறகு மருத்துவர் முடிவு செய்வார். தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தால் டிடி ஊசி தேவையா என்று பார்க்க உதவும்.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தால் அளவு சிறியதென்றாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். மற்ற இடங்களில், குழந்தையின் உள்ளங்கையை விரல்களோடு வைத்துப் பாருங்கள். அதுதான் அதன் உடம்பில் சுமார் ஒரு சதவீதம். அதைவிடப் பெரிய காயத்தை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். வெளுத்தோ கருகியோ இருந்து வலியே இல்லை என்றால் நிம்மதிப்படாதீர்கள்: நரம்பு வரை வெந்துவிட்டது என்று அர்த்தம். 108-க்குக் கூப்பிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இனி அந்தப் பையனின் கண். இங்கே நீங்கள் செய்தது தவறு. தோலுக்குத் தண்ணீர் மருந்து என்றால், வேகமாக வந்து சில்லு அடித்த கண்ணுக்கு அதுவே ஆபத்தாகலாம். கருவிழி கிழிந்திருந்தால் கழுவுவதும் கசக்குவதும் அழுத்துவதும் கண்ணுக்குள் இருப்பதை வெளியே தள்ளிவிடும். அப்படி அடிபட்டால் ஒரு பேப்பர் கப்பைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி கவிழ்த்து ஒட்டி, கண்ணில் எதுவும் படாமல் நேரே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சொட்டு மருந்து, தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஒன்றும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய நேரலாம் என்பதால் வழியில் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். அடிபடாமல் வெடி மருந்துத் தூளோ புகையோ மட்டும் கண்ணில் விழுந்தது என்றால், அப்போதுதான் தாராளமாகக் கழுவ வேண்டும். அந்தப் பையனுக்கு இப்போது பார்வை நன்றாகத் தெரிந்தாலும், ஒருமுறை கண் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அடிபட்ட கண்ணில் சில மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் கண் நீர் அழுத்த நோயோ கண்புரையோ வரலாம்.

இந்த வருடத்துக்கு வருவோம். கொட்டாங்குச்சி, தகர டப்பா, பாட்டில் எதையும் வெடிமேல் கவிழ்க்க விடாதீர்கள். வெடி வெறும் காகிதம்தான். அதைத் தோட்டாவாக மாற்றுவது இவைதான். மத்தாப்புதானே என்று நினைக்கிறோம், எரியும்போது அதன் சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தொடும். சிவப்பு மங்கிய பிறகும் கம்பி நெடுநேரம் சுடும். பாதி வாளித் தண்ணீர் வாசலில் இருக்கட்டும், எரிந்த கம்பி நேராக அதற்குள் போக வேண்டும். காலில் செருப்போ ஷூவோ கட்டாயம். பிடிக்காமல் நின்றுவிட்ட புஸ்வாணத்தை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. முகத்தில் சீறுவது அந்த நேரத்தில்தான். காத்திருந்து, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சானிடைசர் தடவிய கையோடு திரி பற்றவைக்காதீர்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் படுத்து உருள வேண்டும் என்று முன்கூட்டியே ஒருமுறை செய்து காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் சில வருடங்களாகக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் நேரம் ஒதுக்குகிறார்கள். காலையில் எண்ணெய்க் குளியலும் பலகாரமுமாகப் பெரியவர்கள் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் தெருவில் தனியாக நிற்கும் நேரம் அது. அந்த ஒரு மணி நேரம் வடைச் சட்டியை இறக்கி வையுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மறுநாளும் ஒரு கண் இருக்கட்டும். வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது பையன்களுக்குப் பெரிய விளையாட்டு. 'புஸ்' என்று ஒரே நொடியில் முகமும் இரண்டு கையும் வெந்துபோகும்.

உங்கள் மகனின் தழும்புக்கு வருகிறேன். ஆற 3 வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட தீக்காயங்கள் இப்படித் தடிப்பது சகஜம். ஒன்று, ஒன்றரை வருடத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். தினமும் இரண்டு மூன்று வேளை தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துவிடுங்கள், அரிப்பும் குறையும். சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட் நல்ல பலன் தரும். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். வெயில் பட்டால் கருக்கும், வெளியே போகும்போது சாக்ஸ் போடட்டும். கால் விரல்களைக் கீழ்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். தழும்பு இழுத்துப் பிடிக்கிறது என்றால் தாமதிக்காமல் பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். அவன் வளரும் பிள்ளை, கால் வளர வளர அந்தத் தழும்பு கூடவே வளராது.