பாதியில் நின்ற ஷட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கார் நிறுத்தும் இடத்து ஷட்டர், கேட் பற்றி வந்த கேள்விகளில் அவசரமானவற்றுக்கு இந்த முறை பதில். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கதவின் கனத்தை இப்போது எது தாங்கிக்கொண்டிருக்கிறது? ஸ்பிரிங்கா, மோட்டாரா, உங்கள் கையா? அது தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கார் ஷெட்டுக்கு 10 அடி அகல ரோலிங் ஷட்டர். கையால் தூக்குவதுதான். நேற்றுக் காலை தூக்கும்போது மேலே 'டங்' என்று சத்தம் கேட்டது. அதிலிருந்து மலை போல் கனக்கிறது. கையை எடுத்தால் தடாலென்று இறங்கிவிடுகிறது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: மேலே குழாயில் இருக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று அறுந்துவிட்டது. ஷட்டர் இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும், ஏறும்போது அந்த முறுக்கு கனத்தில் பெரும்பகுதியைச் சுமக்கும். உங்கள் அளவு ஷட்டர், 8 அடி உயரம், 1.25 மி.மீ. தகடு என்றால் 80 கிலோவுக்குக் குறையாது. ஸ்பிரிங் சுமந்த அந்தக் கனம்தான் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

மருத்துவமனைக்கு நேரமாகிறது என்றால் முதலில் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு அனுப்பிவிடுங்கள். பதற்றத்தோடு தூக்கும்போதுதான் விரல் நசுங்குகிறது. காரை எடுத்தே ஆக வேண்டும் என்றால் நல்ல தெம்புள்ள மூன்று பேர் வேண்டும். 5½ அடிச் சவுக்குக் கட்டை இரண்டு, நடுவில் மூச்சு வாங்க 3 அடிக் கட்டை இரண்டு தயாராக வையுங்கள். உயரமான கார் என்றால் கார் கூரைக்கு மேல் அரையடி இருக்கும்படி பெரிய கட்டையை வெட்டிக்கொள்ளுங்கள்.

பக்கப் பூட்டு இரண்டும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இருவர் இரண்டு ஓரத்திலும் நின்று, அடிப்பட்டையை ஒரே மட்டமாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பட்டைகள் கைடு சேனலில் (ஷட்டர் ஏறி இறங்கும் பக்கத் தடம்) கோணலாகச் சிக்கிக்கொள்ளும். பிறகு ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. விரலைப் பட்டைகளின் மடிப்புக்குள் விடாமல், அடிப்பட்டையை உள்ளங்கையால் தாங்குங்கள். மூன்றாமவர் கட்டையைக் கைடு ஓரமாக, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். வைஸ் கிரிப் பிளையர் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் இடுக்கி) இருந்தால் அடிப்பட்டைக்குக் கீழே கைடு சேனலில் கவ்வ விடுங்கள். கட்டை நழுவினாலும் அது பிடிக்கும்.

மேல் பெட்டிக்குள் தகடு உப்பிக்கொண்டு உரசும் சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். தகடு சுருளாகச் சுற்றாமல் வெறுமனே உள்ளே திணிகிறது என்று அர்த்தம். கார் வெளியே வந்ததும் அதே மூன்று பேர் சேர்ந்து மெதுவாக இறக்கிப் பூட்டிவிடுங்கள். முட்டுக் கொடுத்தபடியே இரவெல்லாம் விட்டு வைக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை நீங்களே மாற்றப் பார்க்க வேண்டாம். அறுந்தது ஒன்றுதான்; மற்றது இன்னும் முறுக்கோடுதான் இருக்கிறது. அதைத் தெரியாமல் விடுவித்தால் குழாய் சுழன்று கையை முறித்துவிடும். ஷட்டர்காரர் வந்ததும் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். எல்லாம் ஒரே வயது, மற்றதும் பின்னாலேயே போகும். மத்திய பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் இந்த வகை ஷட்டருக்குச் சொல்வது 27.5 செ.மீ. நீள, உயர் இழுவிசை எஃகுக் கம்பி ஸ்பிரிங். அதே தரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மோட்டார் ஷட்டர். பட்டனை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, நகரவில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?
– வாசகர், மதுரை

பதில்: எரிந்திருந்தால் பெரும்பாலும் உறுமாது. முதலில் பட்டனிலிருந்து கையை எடுங்கள். உறுமும் மோட்டாரைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால்தான் எரியும்.

இரவில் யாராவது கைப்பூட்டைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தப் புகாரில் நிறைய இதுதான். பூட்டு இல்லை என்றால் வீட்டு விளக்கைப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் மின்னழுத்தம் குறைவு. 230 வோல்ட் மோட்டார் 170-180இல் கிளம்பத் திணறும். சதுர அலை தரும் பழைய இன்வர்ட்டரில் ஓட்டினாலும் இதே உறுமல்தான், சூடும் சேர்ந்துகொள்ளும். அதில் ஷட்டர் மோட்டாரை இணைக்கவே கூடாது. இரண்டும் சரி என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டர் பழுதாகியிருக்கும். எலக்ட்ரீஷியன் மாற்றித் தருவார். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவு இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கும் என்பதால் வெறுங்கையால் கழற்ற வேண்டாம்.

(உறுமலே இல்லாமல், பலமுறை ஏற்றி இறக்கிய பிறகு ஓய்ந்துபோயிருந்தால் அது வெப்பக் காப்பு. அரைமணி நேரம் விடுங்கள், தானே சரியாகும்.)

அதுவரை கார் வெளியே வர, மோட்டாரோடு தொங்கும் கைச்சங்கிலி இருக்கிறது. அதை இழுக்கும் முன் எம்.சி.பி.யை (மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் உயிர்பெற்றால் சங்கிலி கையோடு பறக்கும். சங்கிலி இல்லாத, நடுக்குழாயில் மோட்டார் உள்ள வகையில் பிரேக்கை விடுவிக்க ஒரு கம்பி தொங்கும். அதை இழுத்ததும் ஷட்டர் சாதாரணக் கை ஷட்டராகிவிடும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் மட்டுமே அந்தக் கம்பியைத் தொடலாம். ஸ்பிரிங் அறுந்த ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த பிரேக்தான்.

கேள்வி: ரிமோட்டில் ஸ்லைடிங் கேட் திறக்கிறது, மூட மறுக்கிறது. மழை ஆரம்பித்ததிலிருந்து இப்படி. இரவு முழுக்கத் திறந்தே கிடந்தது. நாங்கள் வேளச்சேரியில் இருக்கிறோம்.
– வாசகி, சென்னை

பதில்: திறக்கும், ஆனால் மூடாது என்றால் முதலில் சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூண்களில் எதிரெதிராக இருக்கும் இரண்டு சிறு பெட்டிகள், நடுவில் ஆள் நின்றால் கேட்டை மூடவிடாமல் தடுப்பவை. நடுவில் யாருமே இல்லாதபோதும் ஒளி போய்ச் சேரவில்லை என்றால் கேட் அதையும் ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். ஈரமான துணியால் முகப்பைத் துடையுங்கள். சிலந்தி வலை, மழையில் சாய்ந்த செடிக்கொப்பு இருந்தால் நீக்குங்கள். தூண் இடிபட்டிருந்தால் முகம் திரும்பியிருக்கும், நேர் செய்யுங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கிய சிற்றெறும்புகள் வயர் சொருகும் திருகுகளுக்கு இடையில் அரிசிக் குருணை போல வெள்ளை முட்டைகளை அடைத்து வைத்திருக்கும், செம்பு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பெயிண்ட் பிரஷால் தட்டி, களிம்பைச் சுரண்டி, காயவிட்டு மூடுங்கள். வயர் நுழையும் துளையை சிலிக்கோனால் அடையுங்கள். மோட்டார் பெட்டிக்குள்ளும் இதையே பாருங்கள். அங்கே பல்லி புகுந்து போர்டில் ஷார்ட் ஆவது அடிக்கடி நடப்பது. சென்சார் இணைப்பை ஒரு துண்டு வயரால் குறுக்கே முடிந்து 'சரி செய்து' தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதற்குப் பிறகு குழந்தை நின்றாலும் கேட்டுக்குத் தெரியாது.

இன்றிரவுக்கு, ரிலீஸ் சாவியால் மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளி மூடிப் பூட்டுங்கள். தள்ளும் முன் தண்டவாளத்தின் இரு முனையிலும் இரும்பு ஸ்டாப்பர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மோட்டார் ஓடும்போது லிமிட் சுவிட்ச் நிறுத்தும். கையால் தள்ளும்போது ஸ்டாப்பர் மட்டும்தான். அது இல்லாவிட்டால் முழு கேட்டும் தடத்தை விட்டு ஆள்மேல் சாயும். உயிர் போகும் விபத்து இது; ஸ்டாப்பர் வைக்க ஒரு வெல்டருக்கு அரைமணி வேலை.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த பகுதி உங்களுடையது. தண்ணீர் தெருவுக்கு வருவதற்கு முன்பே மோட்டாரை விடுவித்து, எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். மூழ்கிய மோட்டாரை வடிந்ததும் போட்டுப் பார்ப்பது போர்டையும் சேர்த்து எரிக்கும். அடுத்த முறை மோட்டாரின் கான்கிரீட் மேடையை வெள்ளக்கோட்டுக்கு மேல் உயர்த்துங்கள். முடியாவிட்டால் கன்ட்ரோல் போர்டை மட்டுமாவது சுவரில் உயரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கடும் குளிரில், விடியற்காலையில் கராஜுக்குள் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். கதவு மூடியிருக்கிறது, மோட்டார் ஒரு சாண் தூக்கிவிட்டு நின்றுவிடுகிறது. வேலைக்குப் போக வேண்டும்.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: கதவுக்கு மேலே உள்ள தண்டைப் பாருங்கள். ஸ்பிரிங் சுருளின் நடுவில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தால் அறுந்தது அதுதான். தேய்ந்த எஃகு குளிரில் இன்னும் எளிதாக முறியும். வழக்கமான ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதற்குக் கணக்கிடப்பட்டது. நாளுக்கு 4 முறை என்றால் ஏழு வருடம் கூட வராது.

மோட்டாரை இனி அழுத்தாதீர்கள். அது சமன்பட்ட கதவை நகர்த்தத்தான். முழுக் கனத்தையும் இழுத்தால் உள்ளே பல்சக்கரம் மழுங்கிவிடும். கதவு முழுதாக மூடியிருப்பதால் மோட்டார் தடத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்கலாம். திறந்த நிலையில் ஸ்பிரிங் அறுந்திருந்தால் அந்தக் கயிற்றைத் தொடவே கூடாது, கதவு அப்படியே விழும். இரண்டு கார் அகலக் கதவு பெரும்பாலும் 70 கிலோவைத் தாண்டும். பக்கத்து வீட்டாரையும் சேர்த்து மூவராகத் தூக்கி, கதவின் ஓரத்தில் அடியில் உள்ள உருளைக்குக் கீழே தடத்தில் இரு பக்கமும் வைஸ் கிரிப்பைக் கவ்வ விட்டு, காரை எடுத்தபின் இறக்குங்கள். தூக்கும் முன் அடி ரப்பர் தரையோடு உறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொதிநீர் ஊற்றினால் மறுபடி உறையும், ஹேர் டிரையர் போதும்.

ஸ்பிரிங் முனையின் திருகுகளையும், கதவின் அடி மூலையில் கேபிள் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் கழற்ற வேண்டாம். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஷட்டர் கிறீச்சிடுகிறது. கிரீஸ் போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கைடு சேனலில் கிரீஸ் வேண்டாம். மண்ணும் உப்புக் காற்றும் அதில் ஒட்டி உப்புத்தாள் போல ஆகிவிடும். சேனலைப் பிரஷால் சுத்தம் செய்து, சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். கிடைக்காவிட்டால் மெழுகுவர்த்தியை உள்பக்கம் தேயுங்கள். எண்ணெய், மேலே ஸ்பிரிங்குக்கும் பேரிங்குக்கும் மட்டும். உங்கள் ஊரில் சேனலின் கீழ்ப்பகுதியில் ஓர் அடி நீளம்தான் முதலில் துருவில் அரிக்கும், அங்கேதான் கழுவிய தண்ணீர் நிற்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. சேனலாக மாற்றுங்கள்.