சிசிஎன்ஏ படிக்கும் பையனுக்குப் பழைய ரவுட்டர் வேண்டாம்

வணக்கம் அம்மா. பி.சி.ஏ. கடைசி வருடம் படிக்கும் உங்கள் பையன் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) பயிற்சிக்காக பெங்களூரு எஸ்பி ரோட்டில் செகண்ட் ஹேண்ட் ரவுட்டர் மூன்று வாங்கித் தரச் சொல்கிறான், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். அல்சூரில் இரண்டு அறை வீட்டில் அந்தப் பெட்டிகளின் விசிறிச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. அதைவிட முக்கியம், கேபிளைக் கழற்றி மாட்டுவதிலேயே அவன் நேரம் போய்விடும். ரவுட்டர்களை லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்டும் சாஃப்ட்வேரில் ஒரே மாலையில் ஐந்து முறை கலைத்துக் கட்டலாம்.

எந்த சாஃப்ட்வேர் என்பதைத் தேர்வை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிசிஎன்ஏவுக்கான 200-301 தேர்வு 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், வரி தனி. தோற்றால் மறுபடி முழுப் பணம். ஐபி கனெக்டிவிட்டி என்ற பாடப் பகுதிக்கு மட்டும் 25 சதவீதம். அதில் வரும் ரவுட்டிங் புரோட்டோகால் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) ஓஎஸ்பிஎஃப் ஒன்றுதான், அதுவும் ஒற்றை ஏரியா. ஆக, சிஸ்கோ ரவுட்டர்களில் ஓடும் ஐஓஎஸ்ஸின் கட்டளைகள் விரல் நுனிக்கு வர வேண்டும். நண்பர்கள் சொல்லும் விஓஎஸ் (VyOS), மைக்ரோடிக் என்ற வேறு ரவுட்டர் சாஃப்ட்வேர்கள் இரண்டும் நல்லவைதான், ஆனால் பாஷை வேறு. விஓஎஸ்ஸில் எழுதியதை 'கமிட்' செய்தால்தான் நடைமுறைக்கு வரும். ஐஓஎஸ்ஸில் என்டர் தட்டியதுமே வந்துவிடும். தொடக்கத்திலேயே இரண்டையும் கலந்தால் கை குழம்பும்.

முதலில் பேக்கெட் டிரேசர். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் இலவசம். 8 ஜிபி ரேம் லேப்டாப் தாராளம். மூன்று ரவுட்டர், இரண்டு சுவிட்ச், நான்கு பிசி போதும். முகவரி கொடுத்து ஸ்டேடிக் ரூட் (கையால் எழுதும் வழி) போடட்டும், பிறகு அதை அழித்துவிட்டு ஓஎஸ்பிஎஃப். அடுத்து விலான் (ஒரே சுவிட்ச்சைத் தனி வலைகளாகப் பிரிப்பது), டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் அனுப்புவது), டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுப்பது), நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது), ஏசிஎல் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்). ஒவ்வொன்றையும் வெற்றுப் பக்கத்திலிருந்து மறுபடி கட்ட வேண்டும். சேமித்த ஃபைலைத் திறந்து பார்ப்பது பயிற்சி ஆகாது. பலரும் சறுக்குவது சின்ன இடங்களில்தான். ரவுட்டர் போர்ட் தொடக்கத்தில் மூடியே இருக்கும், 'நோ ஷட்டவுன்' கொடுக்க மறப்பார்கள். ஓஎஸ்பிஎஃப்பில் வைல்டு கார்டு மாஸ்க் (சப்நெட் மாஸ்க்கின் தலைகீழ்) இருக்க வேண்டிய இடத்தில் சப்நெட் மாஸ்க்கை எழுதுவார்கள். ஒரு பக்கம் ஹலோ டைமரை (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று 'ஹலோ' அனுப்பும் இடைவெளி) மாற்றி மறு பக்கம் விட்டுவிடுவார்கள், அண்டை ரவுட்டர் சேரவே சேராது.

பேக்கெட் டிரேசர் ஒரு பாவனைதான். உண்மையான ஐஓஎஸ்ஸின் கட்டளைகள் பல அதில் இல்லை. அதனால் அடிப்படை பிடிபட்டதும் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்புக்குப் போகட்டும். ஐந்து நோடுகள் (ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகள்) வரை ஓட்டலாம், ஐஓஎஸ் இமேஜும் (ஐஓஎஸ் அடங்கிய ஃபைல்) முறைப்படியே கிடைக்கும். மூன்று ரவுட்டர், இரண்டு சுவிட்ச்சிலேயே கணக்கு முடிந்துவிடுமே, பிசிக்கு எங்கே போவது? ரவுட்டரில் லூப்பேக் இன்டர்ஃபேஸ் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் பாவனைப் போர்ட்) போட்டு அதையே பிசியாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் வேண்டும், ஏனெனில் இது லேப்டாப்புக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஓடும், 8 ஜிபி அதற்கே போகும். எஸ்பி ரோட்டில் செலவு செய்வதென்றால் ரேமுக்குச் செய்யுங்கள். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ரேமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியானால் கூட்ட முடியாது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் இப்போது இலவசம். விர்ச்சுவலைசேஷன் ஆதரவு இல்லை என்று அது மறுத்தால், பயாஸில் விடி-எக்ஸ் அணைந்திருக்கும், அல்லது விண்டோஸின் ஹைப்பர்-வி, மெமரி இன்டெக்ரிட்டி குறுக்கே நிற்கும்.

லேபை வெளியே இணைக்கும்போது பிரிட்ஜ் (வீட்டு வலையோடு நேரடியாகச் சேர்ப்பது) வேண்டாம், நாட் மட்டும். பிரிட்ஜில் வைத்து டிஹெச்சிபி பயிற்சி செய்தால், லேப் ரவுட்டர் வீட்டு டிவிக்கும் அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்புக்கும் முகவரி கொடுத்து, எல்லோருடைய இன்டர்நெட்டும் நின்றுவிடக்கூடும்.

ரவுட்டர்களை லேப்டாப்பில் ஓட்டும் ஜிஎன்எஸ்3-யும் நல்ல கருவி, ஆனால் ஐஓஎஸ் இமேஜ் அதனுடன் வராது. பென் டிரைவில் கைமாறும் இமேஜ்கள் உரிமத்துக்குப் புறம்பானவை, தொட வேண்டாம். பழைய 7200 ரவுட்டரின் இமேஜ் இருந்தாலும் ஐடில்-பிசி மதிப்பு (ரவுட்டர் சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டுகொள்ளும் அமைப்பு) சரியாக அமையாவிட்டால் சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சுவிட்ச்சை, ஜிஎன்எஸ்3-இல் இமேஜை ஓட்டும் டைனமிப்ஸ் பாவனை செய்யாது, ஆகவே விலான் பாடம் அரைகுறையாகும்.

எஃப்ஆர்ஆரை, தேர்வு முடிந்த பிறகு பார்க்கலாம். லினக்ஸில் ஓடும் இலவச ரவுட்டிங் சாஃப்ட்வேர் இது. கட்டளைகள் சிஸ்கோவை ஒத்தவை, லினக்ஸும் சேர்ந்து கைவரும். டீமன்ஸ் என்ற அமைப்பு ஃபைலில் ஓஎஸ்பிஎஃப்டியை 'யெஸ்' (yes) ஆக்காவிட்டால் ஓஎஸ்பிஎஃப் கிளம்பாது; ஐபி ஃபார்வேர்டிங்கையும் இயக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதிக்கலாம். மூன்று ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் வலையைக் குறிப்பு பார்க்காமல் 20 நிமிடத்தில் கட்டச் சொல்லுங்கள். பிறகு 'ஷோ ஐபி ரூட்' திரையில் ஓ, சி, எல் என்ற எழுத்துகள் ஏன் வந்தன, 110 என்ற எண் என்ன என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி அவன் சொல்லட்டும். அதுவரை தேர்வுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.