ஆர்ட் டேட்டம் ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறார்?

ஜாஸ் இசையின் பியானோ கலைஞரான அவருடைய புகழுக்கு விரல்களின் வேகம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேகம் ஒரு பகுதி மட்டுமே என்பது என் கருத்து. 1909-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டொலீடோ நகரில் பிறந்த டேட்டத்துக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை; மற்றதிலும் மிகக் குறைவு. பெரும்பாலும் செவியை நம்பியே வளர்ந்த அவர், பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலர் போன்றோரின் ‘ஸ்ட்ரைட்’ பாணியை, அதாவது இடக்கை தாழ்ந்த சுரத்துக்கும் நடுப்பகுதி கார்டுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) மாறிமாறித் தாவும் முறையை, அடித்தளமாகக் கொண்டார்.

1933-இல் அவர் பதிவு செய்த ‘டீ ஃபார் டூ’ பாடலைக் கேளுங்கள். மெட்டு நமக்குப் பழகியதுதான். ஆனால் அதன் அடியில் கார்டுகள் எதிர்பாராத சுருதிகளுக்கு விலகிச் சென்று, நாம் தடம் தவறிவிட்டோமோ என்று திகைக்கும் கணத்தில் துல்லியமாகத் திரும்பிவிடுகின்றன. பிற்காலத்தில் ‘பீபாப்’ என்ற ஜாஸ் பாணியில் வாசித்த கலைஞர்களை ஈர்த்தது இந்தத் துணிவே. இளம் பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சன் டேட்டத்தின் இசைத்தட்டை முதன்முதலில் கேட்டபோது, இருவர் சேர்ந்து வாசிப்பதாகவே எண்ணினார்.

1956-இல் டேட்டம் மறைந்தார். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1953 முதல் பதிவு செய்துவைத்த 100-க்கும் மேற்பட்ட தனி வாசிப்புகள் இன்றும் கேட்கக் கிடைப்பது நம் பேறு.